கலத்தின் அடியில் ஒரு பெயர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் கோட்டைகளைக் கொண்டு அளப்பவர் உண்டு. கோயில்களைக் கொண்டு அளப்பவரும் உண்டு. அந்நாட்டு மக்கள் நீர் முகக்கவும் மலர் வைக்கவும் உணவு படைக்கவும் செய்துகொண்ட கலங்களைக் கொண்டு அளப்பதும் முறையே என்பது என் எண்ணம். கோட்டை அரசனுடைய ஆசையைச் சொல்லும். கலமோ செய்தவனின் அறிவையும் வாங்கியவனின் மதிப்பையும் ஒருங்கே சொல்லும்.

அவ்வகையில் ஜப்பானிய வெண்கலக் கலங்கள் நம் சிந்தனைக்குரியவை. 1926ஆம் ஆண்டில் தகாமுரா டொயோச்சிகா என்னும் வார்ப்புக் கலைஞர் மலர் வைப்பதற்கென ஒரு வெண்கலக் கலம் செய்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘மலர் செருகுவதற்கான ஓர் அமைப்பு’ என்று பொருள்படும். பூச்சாடி என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பழைய சாடிகளின் உருண்ட வயிற்றையும் ஒடுங்கிய கழுத்தையும் விட்டுவிட்டு, கட்டடம் எழுப்புவதைப் போல வடிவங்களை ஒன்றோடொன்று சேர்த்து அதை அமைத்தார். அந்தப் பெயருக்குள் ஒரு கேள்வி ஒளிந்திருந்தது. ஓவியனுக்கும் சிற்பிக்கும் கிடைக்கும் கலைஞன் என்ற தகுதி கலம் வார்ப்பவனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

அந்தக் கேள்விக்கு ஜப்பான் கண்ட விடை யாது, அந்த விடை முழுமையானதா என்பதே இக்கட்டுரையின் பொருள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலத்தின் அடியில் கலைஞனின் பெயர் பொறிக்கப்பட்டது நியாயமே. ஆனால் ஒரே ஒரு பெயரோடு அது நின்றுபோனது நியாயமன்று.

நெருப்பின் முன்னே

ஒரு வெண்கலக் கலம் எவ்வாறு பிறக்கிறது என்று அறியாமல், அது யாருக்குரியது என்று தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆகவே முதலில் பட்டறைக்குள் நுழைவோம்.

ஜப்பானிய வார்ப்பு முறைகளில் பழமையானவற்றுள் ஒன்று மெழுகு வார்ப்பு. தேன்மெழுகோடு பைன் மரப் பிசினைச் சேர்த்து உருக்கி, பதமாக்கி, களிமண்ணும் மணலும் கலந்த உட்கருவின்மேல் படிய வைத்துக் கலத்தின் உருவைச் செய்கின்றனர். மெழுகு எவ்வளவு தடிப்போ, பின்னால் வரும் வெண்கலமும் அவ்வளவு தடிப்பு. அதன்மேல் நுண்ணிய மண்ணை முதலிலும் பருமண்ணை அடுத்தும் பூசிச் சூளையில் சுடுகின்றனர். மெழுகு உருகி ஓடிவிட, அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. அந்த வெற்றிடத்தில்தான் வெண்கலம் இறங்குகிறது. ஒரு மெழுகுக்கு ஒரு கலம்தான். தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வட்டமான கலங்களுக்கு வேறொரு முறையும் உண்டு. கலத்தின் பாதி உருவக்கோட்டை ஒரு பலகையில் வெட்டி, நடுவே ஓர் அச்சில் பொருத்தி, மண்ணுக்குள் சுழற்றுகின்றனர். பலகை சுழலச் சுழல மண்ணில் குழிந்த அச்சு உருவாகிறது. வகுப்பறையில் ஒரு வளைகோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றினால் திண்மம் கிடைக்கும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். அவர்களோ அதை மண்ணிலேயே போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

அடுத்தது உலோகம். தூய செம்பு உருகச் சுமார் 1083 டிகிரி செண்டிகிரேட் வெப்பம் வேண்டும். வெள்ளீயமோ 232 டிகிரியிலேயே உருகிவிடும். செம்போடு பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் கலவை ஏறத்தாழ 1000 டிகிரியில் முழுதும் உருகிவிடுகிறது. செம்பைவிடக் கடினமாகவும் ஆகிறது. வெள்ளீயத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓசை தெளியும். உடையும் குணமும் கூடும். ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தில் ஜப்பானியர் தேநீர்ச் சடங்குக்குரிய சேகண்டிகளை வார்க்கின்றனர். கலங்களுக்கு வார்க்கும்போது சிறிது காரீயமும் சேர்ப்பதுண்டு. காரீயம் செம்பில் கரைவதில்லை. நுண்துளிகளாகப் பிரிந்து நிற்கும். ஆயினும் உருகிய கலவை அச்சின் நுண்ணிய மூலைவரை ஓட அது துணை செய்கிறது. பாடநூலில் நாம் ஒரு பத்தியில் படித்துவிட்டுப் போகும் செய்திகள் இவை. பல தலைமுறைகளின் வெற்றியும் தோல்வியும் சேர்ந்து கண்டறிந்தவை.

இனி ஊற்றும் வேளை. அச்சில் சிறிது ஈரம் இருந்தாலும் அது நீராவியாகிச் சீறும், உலோகம் தெறிக்கும். காற்று வெளியேறத் துளையில்லாவிட்டால் கலத்தில் குமிழி விழும். உலோகம் மிகச் சூடாயிருந்தாலும் கேடு, ஆறிப்போனாலும் கேடு. ஒரு லிட்டர் வெண்கலம் ஒன்பது கிலோ அளவுக்கு எடை உடையது. மூன்று லிட்டர் பிடிக்கும் மூசை நிறைந்தால் உலோகம் மட்டுமே இருபத்தாறு கிலோவுக்கு மேல் இருக்கும். செந்தணலாய் ஒளிரும் அந்த மூசையைத் தடங்கலின்றி, ஒரே சீராக, நடுவே நிறுத்தாமல் சாய்க்க வேண்டும். பெரிய கலமென்றால் தனியொருவன் செய்யக்கூடிய காரியமா இது? இந்த இடத்தை நினைவில் வையுங்கள். என் வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

முள்ளங்கியும் வேதியியலும்

அச்சை உடைத்து வெளியே எடுக்கும் கலம் அழகாயிருக்காது. கரி படிந்து, வார்ப்பு வாயும் காற்றுக் குழாய்களும் கொம்புகளாய் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை அறுத்து, அரத்தால் இழைத்து, உளியால் திருத்தி, தேய்த்து மெருகிடுகின்றனர். அதன் பின்னரே நிறமேற்றும் வேலை.

ஜப்பானியர் வெண்கலத்தின்மேல் வண்ணம் பூசி நிறம் தருவதில்லை. உலோகத்தின் தோலையே மாற்றுகிறார்கள். செம்புக் களிம்பும் மயில்துத்தமும் கரைத்த நீரில் பொருளைக் கொதிக்க வைப்பது ஒரு முறை. கொதிநீரில் இறக்குமுன் துருவிய வெள்ளை முள்ளங்கியை அதன்மேல் தடவுகின்றனர். நிறம் திட்டுத்திட்டாகப் படியாமல் சீராகப் படிய அது உதவுகிறது. மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய குப்ரஸ் ஆக்சைடு படலமே நமக்கு நிறமாகத் தெரிகிறது. செம்போடு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு பொன் சேர்த்திருந்தால் அதே நீரில் ஊதா சாயலுள்ள கருமை வரும். மூன்று பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி சேர்ந்தால் மங்கிய சாம்பல் நிறம் வரும். அந்தக் கலவைக்கு ஜப்பானிய மொழியில் ‘நான்கில் ஒன்று’ என்றே பெயர்.

வேறு முறைகளும் உண்டு. தவிட்டுக் குழம்பைப் பூசிச் சுடுவார்கள். இரும்பைக் காடியில் ஊறவைத்து எடுத்த கரைசலைச் சூடான கலத்தின்மேல் தடவுவார்கள். முற்காலத்து ஜப்பானியப் பெண்கள் பற்களுக்குக் கருமை ஏற்றிய கரைசலும் இதுவே. சமையற்கட்டும் ஒப்பனை மேடையும் ஆய்வுக்கூடமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. முள்ளங்கியைத் தடவியவனுக்குச் சமன்பாடு தெரியாதிருக்கலாம். ஆனால் எந்தக் கலவைக்கு எவ்வளவு நேரம், எந்த நொடியில் வெளியே எடுக்க வேண்டும் என்பது தெரியும். நமக்குச் சமன்பாடு தெரியும். அந்த நொடி தெரியாது. இவ்விரண்டில் ஒன்றை அறிவு என்றும் மற்றதை வெறும் பழக்கம் என்றும் பிரிப்பது எவ்வகை நீதி?

பெயர் வந்த வழி

வார்ப்பவரின் பெயர் ஜப்பானில் என்றும் மறைந்தே இருந்தது என்று எண்ண வேண்டா. நாரா நகரத்துத் தோடாய்ஜி ஆலயத்தின் மாபெரும் புத்தர் திருவுருவம் கி.பி. 752இல் கண்திறப்பு விழாக் கண்டது. பல அடுக்குகளாக வார்க்கப்பட்ட அவ்வுருவத்துக்கு வார்ப்புத் தலைவராயிருந்த தகேச்சி நோ ஓக்குனியின் பெயரை ஆலய ஏடுகள் காத்து வைத்துள்ளன.

பின்னாளில் நிலைமை வேறு. டோக்கியோவின் உவெனோ பூங்காவில் சைகோ தகாமோரியின் வெண்கலச் சிலை 1898இல் திறக்கப்பட்டது. அச்சிலையைச் செய்தவர் யார் என்று கேட்டால் தகாமுரா கோவுன் என்பர். அவர் உருவமைத்தவர். வெண்கலமாக வார்த்தவர் ஒகசாகி செஸ்ஸெய். அவர் டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் வார்ப்புக் கலைப் பேராசிரியர்; எளியவர் அல்லர். ஆயினும் மக்கள் நாவில் நின்றது ஒரு பெயர்தான். இதில் விந்தை என்னவென்றால், அந்தக் கோவுனின் மகன்களுள் மூத்தவரான கோதாரோ சிற்பியாகவும் கவிஞராகவும் புகழ்பெற, இளையவரான டொயோச்சிகாவோ வார்ப்புக் கலையைத் தேர்ந்துகொண்டார். தொடக்கத்தில் நாம் கண்ட 1926ஆம் ஆண்டுக் கலம் அவருடையதே.

1876இல் வாள் தரிக்கத் தடை வந்தபோது, வாளின் கைப்பிடிக்கும் உறைக்கும் அணி செய்து பிழைத்த உலோகக் கலைஞர்கள் தொழிலிழந்தனர். பலர் சாடிகளும் தூபக்கலங்களும் செய்து மேலைநாட்டுச் சந்தைக்கு அனுப்பினர். செதுக்கலும் பதிப்புமாக அலங்காரம் மிகுந்த பொருள்கள் பெருகின. அந்த மிகுதிக்கு எதிராக எழுந்தவர்களுள் டொயோச்சிகாவும் ஒருவர். 1926இல் தோழர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய குழுவின் பெயர் ‘முகேய்’. குறிப்பிட்ட அச்சு இல்லாதது என்று பொருள். வாழ்நாளெல்லாம் அச்சு செய்தவர் அப்படிப் பெயரிட்டார்! மறு ஆண்டு, 1927இல், அரசின் கலைக் கண்காட்சியில் கைவினைக்கெனத் தனிப் பிரிவு முதன்முறையாகத் திறக்கப்பட்டது. கலம் ஓவியத்தோடும் சிலையோடும் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றது.

உருகிய நாயும் உருகாத கையும்

போர்க்காலம் வந்தது. 1941இல் உலோகங்களைத் திரட்டும் ஆணை பிறந்தது. ஆலய மணிகளும் சிலைகளும் உலைக்குப் போயின. இறந்துபோன தன் தலைவனுக்காக ஷிபுயா இரயில் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாய் ஹாச்சிகோ. அதற்கு 1934இல் எழுப்பிய வெண்கலச் சிலையும் தப்பவில்லை. அதைச் செய்த ஆண்டோ தெரு மறைந்த பின்னர், அவர் மகன் 1948இல் மீண்டும் அச்சிலையைச் செய்து நிறுவினார். பொருள் உருகிப்போயிற்று, திறன் ஒருவர் கையில் எஞ்சியிருந்தமையால் பொருள் மீண்டது.

1949இல் ஹோரியூஜி ஆலயத்துச் சுவரோவியங்கள் தீயில் கருகின. நாடு அதிர்ந்தது. 1950இல் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் வந்தது. அச்சட்டத்தின் புதுமை, பொருளை மட்டுமன்றிக் கண்ணால் காணவியலாத திறனையும் செல்வமாகக் கருதியதே. 1954இல் சட்டம் திருத்தப்பட்டு, திறனை உடையவரையே அரசு அங்கீகரிக்கும் முறை வந்தது. மக்கள் அவர்களை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அழைக்கின்றனர். சேகண்டி வார்த்த உவோசுமி இராகு 1955இலும், மெழுகு வார்ப்பில் வல்ல சசாகி ஷோதோ 1960இலும், தகாமுரா டொயோச்சிகா 1964இலும் அந்தச் சிறப்பைப் பெற்றனர். திறனை அடுத்த தலைமுறைக்குத் தருவதற்காக இத்தகையோருக்கு ஆண்டுதோறும் 20 லட்சம் யென் வழங்கப்படுகிறது.

இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். கலத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது எளிது. கலம் செய்யும் கையைக் காப்பதே அரிது.

பெயர் வேண்டாம் என்றவர்கள்

தனிப்பெயருக்கு ஜப்பானிலேயே எதிர்ப்பும் இருந்தது. யனாகி முனெயோஷி என்ற அறிஞர் பெயரற்ற சாமானியர்கள் அன்றாடப் பயன்பாட்டுக்குச் செய்த பொருள்களிலேயே உயர்ந்த அழகு உண்டு என்று வாதிட்டார். அவரும் நண்பர்களும் 1925இல் ‘மிங்கேய்’ (மக்கள் கைவினை) என்ற சொல்லையே புதிதாகப் படைத்தனர். 1936இல் டோக்கியோவில் அதற்கென ஓர் அருங்காட்சியகமும் எழுந்தது. அவருடைய நண்பர்களுள் இருவர் குயவர்கள். இருவரும் தொழில்நுட்பப் பள்ளியில் மண்கல அறிவியல் பயின்றவர்கள். ஹமாதா ஷோஜி 1955இல் அரசின் அங்கீகாரத்தை ஏற்றார். கவாய் கன்ஜிரோ மறுத்தார்.

கவாயின் துறவுள்ளம் போற்றத்தக்கது. ஆயினும் யனாகியின் கொள்கையை என்னால் முழுதும் ஏற்க முடியவில்லை. பெயரை மறுக்கும் உரிமை பெயர் கிடைத்தவனுக்கே உண்டு. கேட்கவே படாதவன் எதை மறுப்பான்? என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்கு முன்னிருந்தோர் யாவரும் கையால் உழைத்தவர்கள். அவர்கள் உழைப்பில் எழுந்த எந்தப் பொருளிலும் அவர்கள் பெயர் இல்லை. பெயரின்மையில் அழகு உண்டு என்று பிறர் எழுதலாம். பெயரின்றி வாழ்ந்தவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

தகாவோகா சொல்லும் பாடம்

கடலோர மாவட்டமான தொயாமாவில் தகாவோகா என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே கோட்டை கட்டிய மயேதா தொஷினாகா என்னும் பிரபு, 1611இல் ஏழு வார்ப்பர்களை அழைத்துக் குடியமர்த்தினார். கனாயா என்ற அத்தெரு இன்றும் உண்டு. முதலில் இரும்புப் பானைகளும் உழுகருவிகளும், பின்னர் வெண்கல வழிபாட்டுப் பொருள்களும் பூச்சாடிகளும் அங்கே உருவாயின. ஜப்பானின் செம்பு, வெண்கலப் பொருள்களில் பெரும்பகுதி இந்நகரத்தினுடையது. 1894இல் அங்கே கைவினைப் பள்ளியும் எழுந்தது.

தகாவோகாவின் சிறப்பு வேலைப் பகிர்வில் இருக்கிறது. உருவமைப்பவர் ஒருவர், அச்சு செய்து வார்ப்பவர் மற்றொருவர், இழைத்து மெருகிடுபவர் வேறு, செதுக்குபவர் வேறு, நிறமேற்றுபவர் வேறு. ஒரு சாடி கடைக்கு வருமுன் பல பட்டறைகளின் வாசலைக் கடந்துவிடுகிறது. அதன் அடியில் ஒரு பெயர் இருந்தால், மற்றவர்கள் எங்கே போனார்கள்?

தனிக் கலைஞரின் பட்டறையிலும் இதே கதைதான். டொயோச்சிகாவின் பட்டறையில் பணியாற்றியவர் சைட்டோ அகிரா. இரு வேறு நிறமுடைய உலோகங்களை ஒரே அச்சில் ஊற்றி, அவை சந்திக்கும் எல்லையையே ஓவியமாக்கும் முறையில் அவர் வல்லவர். 1993இல் அவருக்கும் தேசிய அங்கீகாரம் கிடைத்தது. அச்சின் உட்புறத்தில் உலோகக் கம்பிகளைப் பொருத்திவைத்து, ஊற்றும் வெண்கலத்தோடு அவற்றைப் பிணைத்துக் கோலம் காட்டும் தகாவோகாவின் ஓசாவா கோமின் 2005இல் அதைப் பெற்றார். பட்டறையின் நிழலிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தவர் சைட்டோ. வராமலே போனவர் எத்தனை பேரோ!

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. யூகிப் பட்டு நெசவும் ஹோசோகாவா காகிதமும் தனியொருவர் பெயரில் அல்லாமல் குழுவின் பெயரிலேயே அங்கீகாரம் பெற்றுள்ளன. 1974இல் வந்த மரபுக் கைத்தொழில் சட்டத்தின்கீழ் 1975இல் தகாவோகாவின் செம்புத் தொழிலும் ஏற்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத அனுபவம் உடையவர்கள் தேர்வெழுதி மரபுக் கைவினைஞர் என்னும் தகுதி பெறவும் வழி செய்யப்பட்டது. ஒரு சட்டம் மனிதனைப் பெயர் சொல்லி அழைத்தது. மற்றது ஊரைப் பெயர் சொல்லி அழைத்தது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவரே அச்சுக்காரரும் நிறமேற்றுபவரும். கலத்தோடு வரும் மரப்பெட்டியின் மூடியில் கலைஞர் தம் கையெழுத்திடுவது ஜப்பானிய வழக்கம். அந்த மூடியின் உட்புறத்தில் மற்ற நான்கு பெயர்களுக்கும் இடமிருக்கிறது.

ஒரு தடை, ஒரு விடை

‘எண்ணம் ஒருவருடையது, மற்றவர் ஏவல் செய்தவர். எல்லார் பெயரையும் எழுதினால் கலைஞனுக்கு என்ன சிறப்பு?’ என்று கேட்கலாம். அறிவியல் மாணவர்களாகிய நாம் இதற்கு விடை கூற வல்லவர்கள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பில் வழிகாட்டிய பேராசிரியரின் பெயரோடு சோதனை செய்த மாணவரின் பெயரும் இருக்கிறது. துணைபுரிந்தோர்க்கு இறுதியில் நன்றி இருக்கிறது. அதனால் பேராசிரியர் சிறுமைப்பட்டாரா? இல்லை. சோதனையை யார் செய்தார் என்பது அறிவின் ஒரு பகுதி. அதை மறைத்தால் அறிவே குறைபடும். கலத்துக்கும் இது பொருந்தும். முள்ளங்கி தடவியவர் யார் என்று எழுதி வைக்காத பட்டறையில், அவர் போன பிறகு அந்த நிறத்தை யாரிடம் போய்க் கேட்பது? பெயரை எழுதுவது நன்றி மட்டுமன்று. கற்க வருபவனுக்கு அது முகவரி.

இளைஞர்கள் ஒரு தொழிலை விட்டு விலகுவதற்குக் கூலி ஒரு காரணம். மதிப்பின்மை மற்றொரு காரணம். பத்தாண்டு அரம் பிடித்தாலும் தன் பெயர் எங்கும் வராது என்று அறிந்தவன் தன் மகனை அந்தத் திண்ணையில் உட்கார வைப்பானா?

தோழர்களே! நாளை நம்மில் பலர் ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் பணியேற்போம். அறிக்கையின் கீழே கையொப்பமிடும் நிலையும் சிலருக்கு வாய்க்கும். அன்று பேனாவை எடுக்குமுன், இந்த வேலை எத்தனை கைகளைக் கடந்து நம் மேசைக்கு வந்தது என்று எண்ணிப் பார்ப்போம். அறிக்கையில் இடமிருக்கும் வரையில் அந்தப் பெயர்களையும் எழுதுவோம். இடமில்லையென்றால், இடம் கேட்போம்.